பதினோராவது வரியில் ஒரு கோடு

உ

இன்று காலை பத்தரை மணிக்கு நம் வீட்டு நடு அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான் ஒருத்தி. தேவாரம் ஊரிலிருந்து முதல் பஸ்சுக்கு வந்த உங்கள் தங்கை செல்லத்தாயி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரீட்டா. நடந்தது இந்த மூன்று பேருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ரீட்டா நான்கு திருகைக் கழற்றி, கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகரத்தை இழுத்து எடுத்தாள். உள்ளிருந்து ஏலக்காய் மணம் வந்தது. பச்சைக் காயின் மணம் அல்ல. எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில் சூட்டில் காய்ந்து, சாக்கில் கட்டி, மாதக்கணக்கில் கிடந்த காயின் மணம். உங்கள் சட்டையை ஊற வைக்கும் வாளியிலிருந்து முப்பத்தோரு வருடம் வந்த அதே மணம். உள்விசிறிக்குப் பின்னால் காய்ந்த ஏலத்தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ரீட்டா அதைப் பிரஷால் தள்ளப் போனாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். செல்லத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

திங்கட்கிழமைதான் நான் அதன் பொத்தானை அமுக்கினேன். பதினொரு மாதத்தில் முதல் தடவை. அதுவரை ஒவ்வொரு வெள்ளியும் துடைத்துப் பொட்டு வைத்ததோடு சரி. உள்ளே உங்கள் நாள்வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை பார்த்த பழக்கத்தில் தினமும் ஒரு வரி, முந்தின நாள் கணக்கையும் சேர்த்து, ஜீப்புக்குக் கிளம்பும் முன் தட்டிவிட்டுப் போவீர்கள். நான் ஒரு நாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. அது உங்கள் சோலி. ஆனால் கடைசி நாள் காலையிலும் நீங்கள் அதன் முன்னால் உட்கார்ந்து தட்டிய சத்தம் அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. அந்த ஒரு வரி எனக்கு வேண்டும். வேண்டும் என்று நினைத்தே பதினொரு மாதம் பயந்துகொண்டு இருந்தேன். திவசத்துக்கு ஐயர் நாள் குறித்துக் கொடுத்த அன்று, இனியும் தள்ளக் கூடாது என்று அமுக்கினேன். திரை கறுப்பாக வந்தது. மேலே இரண்டு வரி ஆங்கிலம். அதற்கப்புறம் அசையவில்லை.

ரீட்டா வந்து பார்த்துவிட்டு, டிஸ்க் நல்லாத்தான் இருக்கிறது, சிஸ்டம்தான் போய்விட்டது என்றாள். தனக்கு இந்த லினக்ஸ் பழக்கமில்லை என்றும், கடைக்குக் கொண்டு போனால் ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுத் தருவதாகவும், உள்ளே இருப்பது போய்விடும் என்றும் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பீரோவைத் திறந்து நீல அட்டை நோட்டை எடுத்து வந்தேன்.

"நானே போட்டுக்கிறேன் ரீட்டா. எங்கிட்ட எழுதி வச்சிருக்கு."

அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சமையல் குறிப்பு மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

சமையல் குறிப்பேதான். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளுக்கு வேறு எப்படி எழுதத் தெரியும்?

அந்தப் பெட்டி நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? ஏலக்காய் ஸ்டோரில் புதுக் கம்ப்யூட்டர் வைத்ததும் பழையதை உங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சாக்கில் சுற்றி, ஜீப்பில் லோடுக்கு நடுவில் வைத்து, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னீர்கள். பச்சைப் பிள்ளையைக் கொண்டுவந்த மாதிரி மேசை மேல் இறக்கினீர்கள். நான் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கொஞ்சம் விபூதியும் தூவினேன். "அடியே, விசிறிக்குள்ள விபூதி போச்சுன்னா சாமி வந்தாலும் இது ஓடாது" என்றீர்கள். ஆனால் துடைக்கவில்லை.

அதில் இருந்த பழைய சிஸ்டம் வைரஸ் பிடித்துக் கிடந்தது. மேனேஜருடைய மருமகன் உங்களுக்கு ஒரு பென் டிரைவ் கொடுத்து, இதைப் போட்டுக்கொள்ளுங்கள், காசு இல்லை, வைரஸும் அவ்வளவாக அண்டாது என்று சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நாற்காலியில், நான் பக்கத்தில் ஸ்டூலில். முதல் பக்கத்தில் என்ன மொழி என்று கேட்டது. ஆசையாகத் தமிழைத் தொட்டீர்கள். நான்கு வரி வாசித்தோம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "இந்தத் தமிழு நம்ம ஊர்த் தமிழு இல்ல புள்ள. இங்கிலீசே போடுவோம், அதாவது பாதி புரியும்."

பாதி வேலை நடந்துகொண்டிருக்கும்போது நான் மாவுக்கு நேரமாகிறது என்று கிரைண்டரைப் போட்டேன். கரண்ட் இறங்கி, திரை அணைந்தது. நான் கையில் உளுந்தோடு அப்படியே நின்றேன். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். மலையாளத்துக்காரர்களிடமிருந்து நீங்கள் எடுத்து வந்த சொல் ஒன்று உண்டு. எது உடைந்தாலும், எது தவறினாலும் அதைத்தான் சொல்வீர்கள். அன்றும் அதைத்தான் சொன்னீர்கள்: "சாரமில்ல." பரவாயில்லை என்று பொருள். ஆனால் பரவாயில்லை என்று சொன்னால் ஏதோ கொஞ்சம் பரவியிருக்கிறது. சாரமில்ல என்று நீங்கள் சொன்னால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

அடுத்த ஞாயிறு முதலிலிருந்து ஆரம்பித்தோம். அந்தத் தடவைதான் நான் நோட்டை எடுத்து வைத்து, ஒவ்வொரு படியையும் வரவு எழுதுவது போல எழுதினேன். முதல் வரி: கிரைண்டர் போடக் கூடாது. இரண்டாம் வரி: பென் டிரைவைப் பின்பக்கம் சொருகவும், முன்பக்கம் லூஸ். மூன்றாம் வரி: பொத்தானை அமுக்கியதும் எஃப் பன்னிரண்டைத் தட்டிக்கொண்டே இருக்கவும்.

எட்டாவது, ஒன்பதாவது வரிகளில்தான் அதிக நேரம் நின்றோம். டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றீர்கள். எதற்கு என்று கேட்டேன். நீங்கள் விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது.

"ஒண்ணு சிஸ்டம். அது கெட்டுப் போகும், அழிச்சிட்டுப் புதுசா போட்டுக்கலாம். இன்னொண்ணுக்குப் பேரே ஹோம். வீடு. நம்ம சாமான் அத்தனையும் அதுலதான். வீட்டுக்குள்ள ஆளுக்கு ஒரு ரூம்பு. சிஸ்டம் எத்தனை வாட்டி செத்தாலும் வீட்டைத் தொடக் கூடாது. அடுத்த வாட்டி போடுறப்ப இந்த எடத்துல டிக் அடிச்ச, வீடு போச்சு."

நான் சிவப்புப் பேனாவில் எழுதிக்கொண்டேன்: வீட்டுக்கு டிக் கூடாது. கீழே இரண்டு கோடு. அடுத்த தடவை நாற்காலியில் நான் மட்டும் இருப்பேன் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

பத்தாவது வரி, ஊர். உலகப் படம் ஒன்று வந்தது. அதில் நம் ஊரைத் தொட முடியாது, கல்கத்தாவைத்தான் தொட வேண்டும் என்றீர்கள். பக்கத்துக் கிராமம் ராசிங்காபுரமாவது இருக்கிறதா என்று நான் கேட்டு, இரண்டு பேரும் சிரித்தோம்.

பதினோராவது வரி, பெயர்.

நீங்கள் யார் என்று அது கேட்டது. நாற்காலியை விட்டு எழுந்து, "உக்காரு, நீ அடி. எம்பேரை அடி பாப்போம்" என்றீர்கள். வேண்டுமென்றேதான் கேட்டீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் உங்கள் பெயரைச் சொன்னதில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? அதுவும் சாமி பெயர். கோயிலில் அந்தச் சாமியைக்கூட நான் மலைக்காரர் என்றுதான் சொல்வேன். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் சின்ன வயதில் மகள் சொல்வாள். அவள் திருப்பூர் போன பிறகு, அவள் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டுவேன். ரேஷன் கடையில் கார்டைத் திருப்பிக் காட்டுவேன்.

"சொல்லத்தான் கூடாது. அடிக்கவுமா கூடாது?"

"அடிச்சாலும் பேருதானே."

"அப்ப எனக்கு யாருதான் பேரு வைக்கிறது? மிஷின் காத்துக்கிட்டு நிக்குது பாரு."

பால் பொங்கும் சத்தம் கேட்டது. அதைச் சாக்காக வைத்து எழுந்து போய்விட்டேன். திரும்பி வரும்போது நீங்களே அடித்து முடித்து, அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தீர்கள். பாஸ்வேர்ட் கேட்காமல் தானே திறக்கும்படியும் வைத்துவிட்டீர்கள். "நம்ம வீட்டுக்கு நமக்கென்ன பூட்டு" என்றீர்கள். பெயர் என்ன அடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, என்னைக் கேலி செய்து முடித்த சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் பதினோராவது வரியில், பெயர் என்று எழுதி, எதிரே ஒரு கோடு மட்டும் போட்டேன். எனக்குத் தெரிந்து என் கணக்கு நோட்டுகளில் நான் நிரப்பாமல் விட்ட ஒரே இடம் அது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. கார்த்திகை மாத வெள்ளிகளில் விடிந்ததிலிருந்து மதியம் உச்சி விளக்கு ஏற்றும் வரை நான் பேசுவதில்லை. எத்தனையோ வருடத்து விரதம். நீங்கள் அடுப்படி வாசலில் வந்து நின்று, "இந்தா, ஒண்ணு கேக்கணும்" என்றீர்கள். நான் வாயில் விரலை வைத்து, காலண்டரைக் காட்டினேன்.

"அட, இன்னைக்கு வெள்ளியா. சாரமில்ல, வந்து கேட்டுக்கிறேன்."

பிறகு கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம். பிறகு தெருமுனையில் ஜீப்பின் ஹாரன். செருப்பு மாட்டும் சத்தம்.

பதினொன்றே காலுக்குப் போன் வந்தது. எடுத்து, "யாரு" என்றேன். அன்று நான் பேசிய முதல் சொல் அது. ஸ்டோருக்கு மேலே சரிவில் ஆள் எண்ணிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏலச்செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார் என்றார்கள். கீழே கொண்டு வருகிறோம் என்றார்கள். எந்த வளைவில் உங்கள் உயிர் போனது என்று ஜீப்பில் வந்தவர்களுக்கும் தெரியவில்லை.

தலையசைத்தாவது கேளுங்கள் என்று காட்டியிருக்கலாம். நீங்கள் கேட்டால் நான் சிலேட்டில் எழுதியாவது பதில் சொல்லியிருப்பேன். அடுப்படியில் பால் கணக்கு எழுதும் சிலேட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இதைத்தான் பதினொரு மாதமாகத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன், போகவில்லை.

இன்று காலைக்கு வருகிறேன்.

ரீட்டா உள்ளே தூசு தட்டி, தகரத்தை மூடிக் கொடுத்தாள். நான் விளக்கேற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். செல்லத்தாயி மதியத்துக்குத் தேங்காய் அரைக்க மிக்சியில் கை வைத்தாள். நான் போட்ட சத்தத்தில் அவளே பயந்துவிட்டாள். அப்புறம் அம்மியில் அரைத்தாள். முனகிக்கொண்டே அரைத்தாள்: "எங்கண்ணன் இருந்தப்பவும் இந்தப் பெட்டிக்குத்தான் மருவாதி. இப்பவும் அப்பிடித்தான்."

பென் டிரைவ் பூசை அலமாரியில், நீங்கள் போட்டு வைத்த அதே ஏலக்காய் டப்பாவில் இருந்தது. ஒவ்வொரு வரியாகப் போனேன். ஒன்பதாவது வரியில் கையை எடுத்துவிட்டு மூன்று தடவை வாசித்தேன். ரீட்டாவையும் வாசிக்கச் சொன்னேன். டிக் இல்லை. இரண்டு பேரும் பார்த்தோம், வீட்டுக்கு டிக் இல்லை. மேலே போனேன். கல்கத்தாவைத் தொட்டேன். பதினோராவது வரி வந்தது. என் நோட்டில் கோடு. எதிரே திரையில், நீங்கள் யார்.

வேறு யார் பெயர் இருக்கும்? உங்கள் வீடு, உங்கள் பெயர். ரேஷன் கார்டை எடுத்து வந்தேன். செல்லத்தாயி ஈரக் கையோடு வந்து பின்னால் நின்றாள்.

"மதினி, நான் வேணும்னா அடிக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். அவளே பிறகு மெதுவாகச் சொன்னாள், "இனி சொன்னா என்ன, அடிச்சா என்ன." அது சரிதான். ஆனால் அது சரியாக இருப்பதுதான் தாங்கவில்லை. எட்டு எழுத்து. ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தேன். முப்பத்திரண்டாவது வருடத்தில் உங்கள் பெயரை என் கையால் போட்டேன்.

அரை மணி நேரம் ஓடியது. அணைந்து, திரும்ப எரிந்தது. திரை வந்தது. புதிதாக, பளிச்சென்று. நீங்கள் வைத்திருந்த போடிமெட்டு மேகப் படம் இல்லை. நாள்வழி இல்லை. மகள் கல்யாணப் படங்கள் இல்லை. வீட்டைத் திறந்தேன். வெறும் ஃபோல்டர்கள். ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

ரீட்டா நோட்டை எடுத்து ஒன்பதாவது வரியைத் திரும்ப வாசித்தாள். "நாம டிக் போடலக்கா, நான் பாத்தேன்" என்றாள். அது எனக்கும் தெரியும். செல்லத்தாயி தரையில் உட்கார்ந்து, "போச்சா, எங்கண்ணன் எழுதுனதெல்லாம் போச்சா" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். உங்கள் பெயரை அடித்ததால்தான் போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. செய்யக் கூடாததைச் செய்தேன், உடனே எடுத்துக்கொள்ளப்பட்டது என்று. சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

ரீட்டா சாப்பிடப் போய்விட்டு வருவதாகக் கிளம்பினாள். நான் நாற்காலியிலேயே இருந்தேன். செய்ய ஒன்றும் இல்லாதபோது கணக்குப் பார்க்கிற பழக்கம் எனக்கு. வீட்டுக்கு ஒதுக்கிய இடம் எவ்வளவு, அதில் காலி எவ்வளவு என்று பார்த்தேன். எண்களை நோட்டின் ஓரத்தில் எழுதிக் கழித்தேன். கணக்கு இடித்தது. திரும்பக் கழித்தேன். ஒன்றுமே இல்லாத வீட்டில் மூன்றில் ஒரு பங்கு இடம் நிரம்பியிருந்தது.

காலி வீட்டில் அவ்வளவு இடத்தை யார் அடைத்துக்கொண்டு இருக்கிறார்கள்?

வீட்டுக்குள் ஆளுக்கு ஒரு அறை என்று சொன்னீர்களே. அப்போதுதான் உறைத்தது. நான் நிற்பது வீடு இல்லை, ஒரு அறை. இன்று கட்டிய புது அறை. பின்னால் போகும் அம்பை அமுக்கி அறையை விட்டு வெளியே வந்தேன். வாசலில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று நான் இன்று அடித்த எட்டு எழுத்து. இன்னொன்று ஐந்தே எழுத்து. ஏ. வி. யு. கே. ஏ.

எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

அவுக.

அவுக ஜீப்புக்குப் போயிட்டாக. அவுகளுக்கு உப்புக் கம்மி. அவுக வந்ததும் சொல்றேன். முப்பத்தோரு வருடம் உங்களை நான் சொன்ன ஒரே பெயர். பால் பொங்கிய அந்த இரண்டு நிமிடத்தில் அதைத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆறு வருடம் அந்தப் பெயரில் அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். இன்று நான் உங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினேன். அப்படி ஒரு ஆள் அந்த வீட்டில் கிடையாது.

தொட்டதும் திறந்தது. அந்த மிஷின் பெயரைப் பார்ப்பதில்லை, எத்தனையாவது ஆள் என்ற எண்ணைத்தான் பார்க்கிறது, நீங்கள் முதல் ஆள், இன்று வந்த பெயரும் முதல் ஆள் என்று ரீட்டா பிறகு செல்போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். அதற்கு இரண்டு பேரும் ஒரே ஆளாம்.

மேகப் படம் இருந்தது. கல்யாணப் படங்கள் இருந்தன. நாள்வழி இருந்தது. செல்லத்தாயி வாசித்துக் காட்டச் சொன்னாள். அங்கங்கே வாசித்தேன். மழை விடவில்லை, ஆள் 22. ஜீப் பஞ்சர், நடந்து ஏறினோம். அழுகல் நோய் மேற்குச் சரிவுக்கும் வந்துவிட்டது. சௌந்தரத்துக்குக் காய்ச்சல், லீவு. சௌந்தரம் கட்டித் தந்த எலுமிச்சைச் சோறு, உப்புக் கூட.

சௌந்தரம். "இந்தா", "புள்ள", "அடியே" தவிர வேறு ஒன்றும் கூப்பிட்டதில்லை நீங்கள். அங்கே பக்கத்துக்குப் பக்கம் முழுப் பெயரையும் எழுதி வைத்திருக்கிறீர்கள். "எங்கண்ணனுக்கு ஒம்பேரு தெரிஞ்சிருக்கே மதினி" என்று செல்லத்தாயி சொல்லி, சிரிக்க ஆரம்பித்து, அழுதாள்.

பிறகு கடைசி வரிக்குப் போனேன். அதை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

வானம் மூடியிருக்கு. நேற்று ஆள் 19. வந்ததும் சௌந்தரத்திடம் ஒன்று கேட்க வேண்டும்.

அவ்வளவுதான். என்ன கேட்க வேண்டும் என்று இல்லை. கீழே தேடினேன். வேறு கோப்பில் தேடினேன். இல்லை. அடுப்படி வாசலில் எனக்குச் சொன்னதைத்தான் அதற்கும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

ரீட்டாவும் போய்விட்டாள், கடைசி பஸ்சைப் பிடிக்க வேண்டும் என்று செல்லத்தாயியும் போய்விட்டாள். போகும்போது, கெடச்சிருச்சில்ல, இனியாவது நிம்மதியா இரு என்றாள். சரி என்றேன்.

சாமியிடம் எனக்குக் கோபம் இல்லை. விளக்கு நிற்கவில்லை, கார்த்திகை வந்தால் கோயிலுக்கும் போவேன். பேசாமல் இருக்கிற விரதத்தை மட்டும் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமையும் பேசிக்கொண்டேதான் விளக்கேற்றுகிறேன். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் பேசுகிறேன்.

நோட்டில் பதினோராவது வரியில் கோட்டை அடித்துவிட்டு, அவுக என்று எழுதிவிட்டேன். கணக்கில் இப்போது பாக்கி இடம் இல்லை. அந்த ஏலத்தோலை அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில், நீங்கள் என்ன கேட்டிருப்பீர்கள் என்று யோசித்து வரிசையாக எழுதியிருக்கிறேன். மகளைப் பார்த்துவிட்டு வருவோமா. கண்ணாடியை எங்கே வைத்தாய். மலை வேலையை விட்டுவிடட்டுமா. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, இன்று போகாமல் இருக்கட்டுமா. இப்படிப் பதினான்கு வந்திருக்கின்றன. கண்ணாடிக்கு மட்டும், ஜன்னல் மேல் என்று போட்டிருக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பதில்தான் எழுதியிருக்கிறேன். சரி.

பதில் தயாராக இருக்கிறது. கேள்வி எது என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். என்ன கேக்க வந்தீக? வெரசா பதில் சொல்லுங்க.

சௌந்தரம்